ஏரிக்கரை மஞ்சள் ஊசித்தட்டான்: எது என்று பார்ப்பது, வீட்டுத் தொட்டியில் பெருகுமா?

கேள்வி சுருக்கமாக இது: காட்பாடி கழிஞ்சூர் ஏரிக்கரையிலும், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு அல்லித் தொட்டியிலும் ஒரே மாதிரி மெல்லிய மஞ்சள் ஊசித்தட்டான் வந்து உட்காருகிறது. அது என்ன இனம், தொட்டியில் தங்கி இனம் பெருக்குமா, அதனால் கொசு குறையுமா?

வால் முழுக்க ஒரே எலுமிச்சை மஞ்சளாக, கறுப்புக் கோடோ புள்ளியோ எங்கேயும் இல்லாமல் இருந்தால் அது செரியாக்ரியான் கோரமண்டலியானம். 1798இல் ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர். சோழமண்டலக் கரையின் பெயரைத்தான் அதில் சேர்த்திருக்கிறார். இந்தியாவில் சமவெளி எங்கும் உண்டு, இலங்கையிலும் உண்டு. அருகிவரும் இனங்களின் உலகப் பட்டியலில் கவலைப்பட வேண்டாத பிரிவில் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதும் செடியோடு நீர் தேங்கும் இடத்தில் தேடினால் கிடைக்கும்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் நேரான பதில் 'ஆம்' கிடையாது. இந்தத் தட்டான் தண்ணீரிலிருந்து வெகுதூரம் சுற்றும். வேலிப் புதர், வாழைத்தோட்டம், மாடித் தோட்டம் என்று எங்கேயும் இரை தேடி உட்காரும். ஆகவே தொட்டியில் உட்காருவதை வைத்து அங்கேதான் பிறந்தது என்று சொல்ல முடியாது. முட்டை வைத்த இலை பொரிக்கும்வரை ஈரத்தில் இருந்ததா, அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் மீனும் மருந்தும் இல்லாமல் நீர் நின்றதா என்ற இரண்டையும் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் அடையாளம். ஆணின் வால், அதாவது வயிற்றுப்பகுதி, 28 முதல் 30 மில்லிமீட்டர். பின் இறக்கை 18 முதல் 20 மில்லிமீட்டர். நெஞ்சு ஆலிவ் பச்சை, பக்கவாட்டில் வெளிறியிருக்கும். கண் மேலே பச்சை, கீழே மஞ்சள். கால் மஞ்சள், அதில் சிறிய கறுப்பு முட்கள். இறக்கையின் நுனிப்பக்கம் முன் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் தெரியும். அதுவும் வெளிர் மஞ்சள்தான். பெண் கொஞ்சம் பருமன், நிறம் மங்கல்: நெஞ்சு பழுப்பு கலந்த பச்சை, வால் மங்கின பொன்னிறம். பெண்ணை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு வேறு இனம் என்று எழுதுகிறவர்கள் நிறைய. புதிதாக வெளிவந்த ஆணும் மங்கலாகத்தான் இருக்கும். மஞ்சள் ஏறச் சில நாள் பிடிக்கும்.

நம் பக்கம் இதோடு குழப்பிக்கொள்ளும் இனங்கள் நாலைந்துதான். அதிகம் குழப்புவது இஷ்னூரா ரூபிலியோ. அதுவும் மஞ்சள் வால்தான், ஆனால் வால் நுனியில் பளிச்சென்று நீலம் இருக்கும், நெஞ்சில் கறுப்புப் பட்டை ஓடும், உருவம் இதைவிட மிகச் சிறியது. நெல் வரப்புப் புல்லில் முழங்காலுக்குக் கீழே பறக்கும். செரியாக்ரியானின் அண்ணன் தம்பி ஒன்று உண்டு, செரினோரூபெல்லம். அதன் நெஞ்சு நீலப்பச்சை. வாலின் அடியும் நுனியும் செங்கல் சிவப்பு, நடுவில் கறுப்பு. ஒருமுறை பார்த்தால் மறக்காது. மற்ற ஊசித்தட்டான்களைப் பிடித்துத் தின்பதில் அதற்குப் பெயர் உண்டு. நம் மஞ்சளும் அந்தப் பழக்கத்துக்கு விலக்கு இல்லை, தன்னைவிடச் சிறியது கிடைத்தால் விடாது. கோபெரா மார்ஜினிபெஸ் என்பதற்கு மஞ்சள் கால், ஆனால் உடம்பு கறுப்பு. அமிர்தி, ஏலகிரி மாதிரி நிழலான ஓடைப் பக்கத்தில் பார்க்கக்கூடிய வகை. வெட்டவெளி ஏரிக்கரையில் அதைத் தேட வேண்டாம்.

இன்னொரு குறிப்பு, இஷ்னூராவிலிருந்து பிரித்தறிய உதவும்: முட்டை வைக்கும் விதம். இஷ்னூரா வகைப் பெண்கள் பொதுவாகத் தனியாக வந்து முட்டை வைக்கும். செரியாக்ரியான் கோரமண்டலியானம் ஜோடியாகவே வரும். பெண் இலைமேல் உட்கார்ந்து வேலை பார்க்க, ஆண் அதன் கழுத்துப்பகுதியை வால் நுனிக் கொக்கியால் பிடித்துக்கொண்டு, கால்களை மடக்கி, எதையும் பற்றாமல் செங்குத்தாக நிற்கும். அல்லி இலையில் ஒரு மஞ்சள் குச்சி நட்டுவைத்த மாதிரி தெரிந்தால் கிட்டே போய்ப் பாருங்கள், கீழே பெண் இருக்கும்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று எடுத்துவிட்டு நிறுத்தினால் பிறகு இனம் சொல்ல முடியாது. பக்கவாட்டில் நெஞ்சு முழுக்கத் தெரிய ஒன்று, வால் நுனி தெளிவாக ஒன்று, இரண்டும் வேண்டும். காலை 7 மணி முதல் 9 மணி வரை நல்ல நேரம். வெயில் ஏறிவிட்டால் கிட்டே விடாது. நிழல் மேலே விழாதபடி, பூச்சியின் உயரத்துக்குக் குனிந்து, மெதுவாக நகர வேண்டும். கைபேசி போதும்; ஓர் அடி தூரத்தில் நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது, மூக்குக்கு நேரே கொண்டுபோவதைவிட நன்றாக வரும்.

எப்போது, எங்கே என்பதை நம் ஊர் மழையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலூருக்குத் தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு கிடைக்கும், வடகிழக்கும் கிடைக்கும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே குட்டைகளில் நடமாட்டம் கூடும். அக்டோபர் முதல் ஜனவரி வரை ஏரியோரத்தில் நிறையவே பார்க்கலாம். ஏப்ரல், மே வந்தால் பாதி ஏரி கட்டாந்தரை. அப்போது இந்த இனம் ஒதுங்குவது தரைக் கிணறு, கல்குவாரிப் பள்ளம், கோயில் குளம், வேலூர்க் கோட்டை அகழி மாதிரி நீர் வற்றாத இடங்களின் செடி ஓரத்தில். அங்கிருந்துதான் மழைக்குப் பிறகு மறுபடி ஏரிகளுக்குப் பரவுகிறது. கோடையில் பாழுங்கிணறு என்று மூடிவிடுகிற ஒன்றில்கூட இதன் அடுத்த தலைமுறை இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "தட்டான் பறக்கிற தண்ணி சுத்தமான தண்ணி" என்று பகிர்கிறார்கள். ஓடைகளில் மட்டும் வாழும் சில இனங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். இந்த மஞ்சளுக்குப் பொருந்தாது. கலங்கலான குட்டை, சாக்கடை கலக்கும் ஓரம், செடி அழுகும் பள்ளம் எல்லாவற்றிலும் சமாளிக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை போனது ஊரறிந்த சங்கதி. அந்தக் கரையில் ஒரு மஞ்சள் ஊசித்தட்டானைக் காட்டித் தண்ணீர் தேறிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீரின் தரம் தெரிய வேண்டுமென்றால் உப்பு அளவும் குரோமியமும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். தட்டானை வைத்துப் பேசுவதானால், ஒரே இடத்தில் எத்தனை வகை இனம் பெருகுகிறது என்று எண்ண வேண்டும். தாங்கும் சக்தி உள்ள ஒன்று மட்டும் இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது.

இனி முட்டை. முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

பெரிய தட்டான்களில் பல, வாலால் தண்ணீரைத் தட்டித் தட்டி முட்டையைச் சும்மா விட்டுவிடும். ஊசித்தட்டான் அப்படிச் செய்யாது. பெண்ணின் வயிற்றுக்கடியில், எட்டு ஒன்பதாம் கணுக்களின் கீழ், ரம்பம் போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனால் செடியின் திசுவைக் கிழித்து உள்ளே முட்டையைச் செருகும். ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம், அரிசி போலன்றி இன்னும் மெலிசு. வைப்பது உயிருள்ள இளம் செடியில், நீர்மட்டத்தை ஒட்டி: மிதக்கும் அல்லி இலை, அதன் காம்பு, நீர்ப்பரப்பு வரை வளர்ந்து வந்த வேலம்பாசி, வள்ளைக்கீரைத் தண்டு. பிளாஸ்டிக் செடி, காய்ந்த குச்சி, வழவழப்பான தொட்டிச் சுவர் எதுவும் பயன்படாது. தண்ணீர் மட்டும் நிரப்பி அழகுக்குக் கூழாங்கல் போட்ட தொட்டிக்கு இது வந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்பதற்குக் காரணம் இதுவே.

முட்டை வைத்த இலையைக் கண்டுபிடிக்க, இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சிறு கீறல்கள், ஓரம் பழுப்பேறியவை, வளைவாகவோ வரிசையாகவோ தெரியும். வண்டு கடித்த ஓட்டை அப்படி ஒழுங்காக இருக்காது. வெப்பமான நீரில் ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும், குளிர்ந்தால் தள்ளிப்போகும்.

தொட்டி வைத்திருப்பவர்கள் சறுக்குவது இங்கே. அல்லி இலை மஞ்சளடித்தால் வெட்டிக் குப்பையில் போடுவது நல்ல பழக்கம் என்றுதான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு இலை வெட்டும்போதும் ஒரு தொகுதி முட்டை குப்பைக்குப் போகலாம். பழுத்த இலையை வெட்டுங்கள், வெட்டியதை அதே தொட்டியின் ஒரு மூலையில், அல்லது தொட்டித் தண்ணீரே ஊற்றிய ஒரு வாளியில், இரண்டு வாரம் மிதக்கவிட்டுப் பிறகு எறியுங்கள். வாளித் தண்ணீரைத் தொட்டியிலேயே ஊற்றிவிடலாம். அந்த வாளியைக் கொசுவலைத் துணியால் மூடிவைக்க மறக்க வேண்டாம்.

நீர்மட்டம் இன்னொரு சங்கதி. முட்டை நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால், தொட்டி நாலு விரல் வற்றினாலே தண்டில் வைத்த முட்டை காய்ந்துபோகும். மிதக்கும் இலை நீரோடு இறங்கும், அதற்கு ஆபத்தில்லை. வேலூர் ஏப்ரல் வெயிலில் தொட்டி நீர் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும், காற்றடித்தால் இன்னும் கூடுதல். வாரம் ஒருமுறை மொத்தமாக நிரப்புவதைவிட, தினம் வற்றிய அளவுக்கு ஊற்றுவது மேல்.

பொரித்து வரும் குஞ்சு நீரில் வாழும். மெல்லிய உடம்பு, வால் நுனியில் இலை போன்ற மூன்று தகடு. அவை சுவாசத்துக்கும் நீந்துவதற்கும் உதவும். மீனோ வேறு பூச்சியோ கவ்வினால் தகட்டைக் கழற்றி விட்டுவிட்டுத் தப்பிக்கும். அடுத்தடுத்த சட்டை உரிப்பில் மறுபடி முளைக்கும். அதனால் ஒரு தகடு, இரண்டு தகடோடு இருப்பதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். கீழுதடு நீண்டு முகத்துக்கடியில் மடிந்திருக்கும். இரை கிட்டே வந்ததும் அதை விருட்டென்று நீட்டிப் பிடிக்கும். முதல் வாரங்களில் கண்ணுக்கே தெரியாத நீருயிர்கள், அப்புறம் தண்ணீர்ப்பேன், கொசுப்புழு, தன்னைவிடச் சிறிய தன் இனக் குஞ்சு. பத்து முறைக்கும் மேல் சட்டை உரித்து, நம் வெப்பத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் வளர்ச்சி முடியும்.

தொட்டி வைக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பாதித் தொட்டிகள் முதல் மாதத்திலேயே கெடுகின்றன.

மூன்றடி அகலமுள்ள வட்டச் சிமெண்ட் தொட்டி, ஒன்றரை அடி உயரம், போதும். ஓர் அடி நீர் நின்றால் ஏறக்குறைய 200 லிட்டர். இதைவிடச் சிறிய பிளாஸ்டிக் டப் மே மாத வெயிலில் சூடேறி, பிற்பகலில் உள்ளே இருப்பது வெந்துவிடும். புதுச் சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் கசியும்; தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்துக் கொட்டுவதை மூன்று முறை செய்த பிறகே செடி வைக்க வேண்டும். இடம்: காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழ வேண்டும், மதியம் 1 மணிக்குமேல் நிழல் வர வேண்டும். தென்மேற்கு பார்த்த சுவரை ஒட்டி வைத்தால் சுவர்ச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

அடியில் எருவோ உரமோ கலக்காத களிமண் அல்லது செம்மண் மூன்று அங்குலம், அதன்மேல் கழுவிய மணல் ஓர் அங்குலம். எரு கலந்த மண் போட்டால் பத்து நாளில் தண்ணீர் பச்சையாகி, ராத்திரியில் பிராணவாயு குறைந்து குஞ்சுகள் மேலே வந்து தொங்கும். ஏரி வண்டல் நல்லதுதான், அதைத் தாசில்தார் அனுமதியோடு எடுப்பதே முறை. ஒரு தொட்டிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், இரண்டு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்து ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் நம் பக்கம் பெரும்பாலும் கடின நீர். ஊற்ற ஊற்ற ஆவியாகி உப்பு மட்டும் தொட்டியில் சேரும். ஓரத்தில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு நீரை மொண்டு எடுத்து மழைநீர் சேருங்கள். முழுதாக மாற்றக் கூடாது. மொள்ளும் நீரை ஒரு வெள்ளைத் தட்டில் வடிகட்டிப் பார்த்து, குஞ்சு இருந்தால் திருப்பி விடுங்கள்.

செடிக்கு மூன்று வகை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முட்டை வைக்க ஓர் அல்லி. குஞ்சு ஒளிந்திருக்க நீருக்குள் வேலம்பாசி, ஒரு கைப்பிடியில் தொடங்கினால் தானே பெருகும். வளர்ந்த குஞ்சு ஏறி வெளிவர, நீருக்குமேல் ஓரடி நிற்கும் கோரை அல்லது சம்பு, சிறு மண்சட்டியில் நட்டு உள்ளே இறக்கியது. இந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வழவழப்பான தொட்டிச் சுவரில் குஞ்சு ஏறமுடியாமல் சறுக்கி, நீரிலேயே செத்துப்போகும். கோரை கிடைக்கும்வரை சொரசொரப்பான மூங்கில் குச்சி நாலைந்தைச் சாய்த்துச் செருகினாலும் நடக்கும். நீர்ப்பரப்பில் பாதிக்குமேல் இலை மூட விடாதீர்கள். ஆகாயத்தாமரை என்று நாம் சொல்லும் ஊதாப்பூச் செடியை உள்ளேயே விடக்கூடாது. ஒரு கொத்து போட்டால் சீக்கிரமே முழுப் பரப்பையும் அடைத்துவிடும்.

முட்டையை வேறு குளத்திலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் ஏரியோ கிணறோ இருந்தால் செப்டம்பர் தொடங்கி இவை தாமே வரும். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுக்கவும் கூடாது. குஞ்சு வளர்ச்சியைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், முட்டை வைத்த அல்லி இலையில் உள்ளங்கையளவு வெட்டி, வெள்ளைத் தட்டில் இரண்டு விரல் உயரத் தொட்டி நீரில் போட்டு நிழலில் வையுங்கள். பொரித்ததும் முதல் இரண்டு வாரம் இரை தட்டுப்பாட்டில்தான் பெரும்பகுதி சாகும். குட்டை நீரைச் சன்னத் துணியில் வடிகட்டித் தினமும் சில தேக்கரண்டி ஊற்ற வேண்டும். அரை சென்டிமீட்டர் வளர்ந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி டம்ளரில், ஆளுக்கொரு குச்சியோடு பிரித்துவிடுங்கள். ஒன்றாக விட்டால் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுதான்.

கொசுவுக்கு வருவோம். குஞ்சு கொசுப்புழுவைத் தின்னும், சந்தேகமில்லை. ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதுவரை ஒரு வாரம், பத்து நாளில் முடித்துவிடும். ஊசித்தட்டான் குஞ்சு பெரியதாகவே ஒரு மாதத்துக்குமேல். ஆகவே புதுத் தொட்டி முதல் இரண்டு மாதத்துக்குக் கொசுப் பண்ணைதான். அந்த இடைவெளியைக் காணாமல் "தட்டான் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டால் தெருவுக்கே தொல்லை. வாரம் இருமுறை வெள்ளைக் கரண்டியால் ஓரம் ஓரமாகப் பத்து இடத்தில் மொண்டு பாருங்கள். புழு நெளிந்தால் தேயிலை வடிகட்டியால் எடுத்துவிடலாம், சிறு தொட்டிக்கு அதுவே போதும். மிஞ்சினால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாத் தூளைச் சீட்டில் உள்ள அளவுக்குப் போடலாம்; அது கொசுப்புழு, அதன் நெருங்கிய உறவுப் பூச்சிகளின் குடலில்தான் வேலை செய்யும், தட்டான் குஞ்சை நேராகத் தாக்காது. அபேட் என்று சொல்லும் டெமிபாஸ் அப்படியில்லை, நீர்ப்பூச்சிகளையும் சேர்த்து அழிக்கும்.

மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருவார்கள். அவர்கள் அபேட் ஊற்றுவது அவர்கள் வேலை. புழு இருக்கும் தொட்டியைக் காட்டிக்கொண்டு வாதாட வேண்டாம். கரண்டியில் மொண்டு புழு இல்லை என்று காட்டுங்கள், செடித் தொட்டி, வாரம் இருமுறை பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். புழு இருந்தால் ஊற்றட்டும்.

கப்பி, கம்பூசியா மீன் விட்டால் கொசு போகும், ஊசித்தட்டானும் போகும். இரண்டு அங்குல மீன் பொரித்த குஞ்சை ஒன்று விடாமல் பொறுக்கிவிடும். ஒரு தொட்டி மீனுக்கு, ஒரு தொட்டி தட்டானுக்கு என்று பிரிப்பதே வழி. ஏரியிலும் இதே கணக்குதான். ஜிலேபி மீன் நிறைந்த ஏரியில் நட்டநடு நீரில் ஒன்றும் மிஞ்சாது. மீன் நுழையமுடியாத அளவுக்குச் செடி அடர்ந்த கரையோரப் பட்டையில்தான் இவை பிழைக்கின்றன. தூர்வாரும்போது ஜேசிபி வைத்துக் கரையை ஒரே செங்குத்தாக வெட்டி, கோரை, சம்பு, அல்லி அத்தனையும் வழித்துவிட்டால், கொள்ளளவு கூடும், அந்தப் பட்டை போய்விடும். ஊரில் பேச இடம் கிடைத்தால் கேட்க வேண்டியது சிறியது: கோடி போகும் (ஏரி நிரம்பி உபரிநீர் வழியும்) பக்கமோ மதகுக்கு எதிர்ப்பக்கமோ, முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத சரிவான ஓரம் ஒன்றைச் செடியோடு விட்டுவிடுங்கள். அது மொத்தக் கரையில் நாலில் ஒரு பங்கு இருந்தால்கூட மறுமழைக்கு இனம் மீளும். வேலையை மே, ஜூனில் முடிப்பதும் அவசியம். நவம்பரில் செடி வழித்தால் முட்டையோடு போகும்.

கழனியில் இதன் நிலை கலவை. சம்பாவிலும் நவரையிலும் நெல் வயலுக்கு வந்து முட்டை வைக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலில் குஞ்சு காய்ச்சலின்போதே செத்துவிடும். நீர் சிக்கனத்துக்கு அது நல்ல முறை, அதைக் குறை சொல்வதற்கில்லை. வயல் மூலையில் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு சிறு பள்ளம் விட்டால் நீர் இறங்கும்போது குஞ்சு அங்கே ஒதுங்கும். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து அடித்த வயல் நீர் அந்தப் பள்ளத்துக்கு வடிந்தால் பள்ளத்தால் பயனில்லை.

கடைசியாக, தொட்டியில் பிறந்ததா வந்து போனதா என்பதைத் தீர்க்க ஒரே சாட்சி, உரித்துப்போட்ட தோல். விடியற்காலை, வெயில் ஏறுமுன், கோரைத்தண்டில் நீர்மட்டத்துக்கு மேலே சில சென்டிமீட்டரில் ஒட்டியிருக்கும். வெளிர் பழுப்பு, முதுகில் ஒரு கிழிசல், அதில் வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், வால் நுனியில் மூன்று தகடு சுருண்டிருக்கும். தடித்துக் குட்டையாக, தகடு இல்லாமல் இருந்தால் அது பெரிய தட்டானுடையது. எறும்பும் காற்றும் சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்பதால் 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையே பார்க்க வேண்டும். பக்கத்தில் இறக்கை பளபளக்க, நிறமில்லாத ஊசித்தட்டான் உட்கார்ந்திருந்தால் தொடாதீர்கள்; இறக்கை முறுக்கேற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதற்குள் தொட்டால் கோணிக்கொள்ளும், பிறகு பறக்காது. அது போன பிறகு தோலை இடுக்கியால் எடுத்து, பஞ்சு வைத்த தீப்பெட்டியில் போட்டு, தேதி, ஊர், தொட்டியா ஏரியா கிணறா என்பதை எழுதி ஒட்டிவையுங்கள். உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது பறக்கும் பூச்சியின் படத்தோடு இந்தத் தோலின் படத்தையும் சேர்த்தால், 'பார்த்தது' என்ற பதிவு 'இங்கே பெருகுகிறது' என்ற பதிவாகும். வேலூர் வட்டாரத்துக்கு அந்த இரண்டாவது வகைப் பதிவுதான் அதிகம் தேவை.